நீலாவுக்கு ஒரு அர்ச்சனை

எனக்கு ஒன்பது வயதிருக்கும்போது எங்கள் லயத்தில், தோட்டத் தொழிலாளர் வரிசை வீடுகளில், இருந்த பெண்கள் சேர்ந்து, துருக்கி தேசத்துப் பெண் ஒருத்திக்கு மாரியம்மன் கோயிலில் அர்ச்சனை வைத்தார்கள். ஆத்தா சத்தியமாக நடந்தது.

மலைமேல் சக்குபள்ளத்தில் ஏலத்தோட்ட வேலை முடிந்ததும் எங்கள் வீட்டு டிவி முன்னால் ஏழெட்டுப் பேர் கூடிவிடுவார்கள். தமிழில் குரல் கொடுத்த துருக்கி நாடகம். கதாநாயகியின் பெயர் ஒருவர் வாயிலும் நுழையவில்லை. கண் நீலமாக இருந்ததால் நீலா என்று வைத்துக்கொண்டார்கள். பொட்டில்லை. கல்யாணமான பிறகும் கழுத்தில் தாலியில்லை. அம்மாவுக்கு அது தீராத விசாரம். அப்பன் சொல்லிவிட்டான் என்று நீலாவை ஒரு பெரிய பங்களாவில் கட்டிக்கொடுத்திருந்தார்கள். புருஷன் அழகன், கோபக்காரன். அவன் கை ஓங்கினால் ஒரு பாட்டு வரும். மறுநாள் பூங்கொத்தோடு வந்தாலும் அதே பாட்டுதான். எப்போது பயப்படுவது, எப்போது சந்தோஷப்படுவது என்று எனக்குக் குழம்பிப்போகும். நீலாவுக்குக் கார் ஓட்டத் தெரியும். தெரிந்தவள் ஏன் ஓட்டிக்கொண்டு போய்விடவில்லை என்பதும் விளங்கவில்லை.

அப்போது அம்மாவின் தங்கை, என் சித்தி, எங்களோடு இருந்தாள். அவளை மலைக்குக் கீழே கம்பம் ஊரில் கட்டிக்கொடுத்திருந்தது. சித்தப்பா அடித்ததில் மணிக்கட்டு வீங்கி மலையேறி வந்தவள், இரண்டு மாதமாகத் திரும்பிப் போகவில்லை. நாடகம் ஓடும்போது எல்லாரும் அழுவார்கள். சித்தி மட்டும் அழமாட்டாள்.

ஒருநாள் பங்களாக்காரன் நீலாவை அறையில் போட்டுப் பூட்டினான். அம்மா டிவியைப் பார்த்து, "ஓடிப்போயிரு தாயி. இவன்கிட்டக் கெடந்து சாகாத" என்று கண்ணைத் துடைத்தாள். பக்கத்து வீட்டு அத்தைதான் அர்ச்சனை யோசனையைச் சொன்னாள். நீலா அந்த வீட்டைவிட்டு நல்லபடியாகத் தப்பிக்க வேண்டும். அதுதான் வேண்டுதல்.

வெள்ளிக்கிழமை தேங்காய் பழத்தோடு போனோம். பூசாரி பெயர் கேட்டார், சொன்னோம். நட்சத்திரம் கேட்டார். துருக்கியில் பிறந்தவளுக்கு நட்சத்திரம் உண்டா என்று பெண்கள் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டார்கள்.

"நச்சத்திரம் இல்லாம ஆத்தாகிட்ட எந்தப் புள்ளைன்னு சொல்றது?" என்றார் பூசாரி.

பின்னால் நின்ற சித்தி, "உத்திரட்டாதி" என்றாள்.

அம்மா திரும்பிப் பார்த்தாள். பிறகு சட்டென்று கண்ணை மூடிக் கைகூப்பிக்கொண்டாள். மணி அடித்தது.

திரும்பும் வழியில், அது உனக்கு எப்படித் தெரியும் என்று சித்தியைக் கேட்டேன்.

"டிவில சொன்னாங்கடி. நீ கவனிக்கல."

ஒருநாள் விடாமல் பார்த்த எனக்கு அது பெரிய அவமானமாக இருந்தது.

அடுத்த ஞாயிற்றுக்கிழமை சித்தப்பா ஜீப் பிடித்து வந்தார். எனக்கு ஒரு கவுன், வீட்டுக்கு அல்வா. அப்பாவோடு அரைமணி நேரம் பேசினார். நீலாவை ஓடச் சொன்ன அம்மாவே சித்தியின் சேலைகளை மடித்துப் பையில் வைத்தாள். ஆம்பளை என்றால் கோபம் வரும், நாம்தான் அனுசரித்துப் போகவேண்டும் என்றாள். அத்தையும் ஆமாம் போட்டாள்.

"அவள மட்டும் ஓடச் சொல்றியேக்கா?" என்றாள் சித்தி.

"அது நாடகம்டி."

சித்தி ஜீப்பில் ஏறினாள். அவளுக்கு ஓட்டத் தெரியாது.

நாடகத்தில் நீலாவும் ஓடவில்லை. கடைசி வாரம் புருஷன் திருந்தி அவள் மடியில் தலைவைத்து அழுதான். ஆத்தா கண் திறந்துவிட்டாள் என்று அம்மா சூடம் ஏற்றினாள். தப்பிக்கத்தானே வேண்டிக்கொண்டோம் என்று கேட்டுக் குட்டு வாங்கினேன். சித்தப்பாவும் திருந்திவிட்டதாக அம்மா சொல்வாள். சித்தி வாயால் நான் அதைக் கேட்டதில்லை.

இப்போது எனக்கும் குடும்பம், குழந்தை. வெள்ளி தவறாமல் கோயிலுக்குப் போகிறேன். போன ஆடியில் சித்திக்கு உடம்பு சரியில்லை என்று அவள் பெயருக்கு அர்ச்சனை வைக்கப் போனேன். நட்சத்திரம் தெரியவில்லை. சன்னதியிலிருந்தே அம்மாவுக்குப் போன் போட்டேன்.

"உத்திரட்டாதி" என்றாள் அம்மா.

சித்தி அன்று யாருக்காக வேண்டிக்கொண்டாள் என்பது ஒன்பது வயதில் எனக்குத் தெரியாது. அம்மாவுக்குத் தெரிந்திருந்தது. தெரிந்துதான் பையைக் கட்டினாள்.

பூசாரி தட்டை நீட்டிக்கொண்டு நின்றார். என்ன வேண்டுவது என்று தெரியாமல் நானும் கண்ணை மூடிக்கொண்டேன்.