மெத்தை வீட்டை இழந்த சரோஜாம்மா

சரோஜாம்மா இறந்த செய்தியை எனக்கு யாரும் சொல்லவில்லை. ஒரகடத்தில் ஷிப்ட் முடிந்து கம்பெனி பஸ்ஸில் வரும்போது, ஸ்ரீபெரும்புதூர் முனையில் கட்டியிருந்த பேனரில்தான் பார்த்தேன். அம்மாவின் முகம், அதற்குப் பின்னால், ஊரார் மெத்தை வீடு என்று சொல்லும் அவருடைய மாடி வீடு. கீழே, 'கண்ணீருடன் பாஸ்கர்' என்று அவருடைய கொழுந்தனார் மகனின் பெயர். அந்த வீட்டை இடித்ததே அவன்தான். என்ன நெஞ்சழுத்தம் பாருங்கள். எனக்கு அழுகை வரவில்லை, ஆத்திரம்தான் வந்தது.

அம்மாவைத் தெரிந்தவர்களுக்கு அந்த வீட்டைப் பற்றிச் சொல்ல வேண்டியதில்லை. அரிசி மண்டி வைத்துக் கொழித்த அவருடைய மாமனார் கட்டியது. கீழே தேக்குத் தூண்கள், மாடி முழுக்க அறைகள். கணவர் போன பிறகு, பிள்ளையில்லாத அம்மா அந்த அறைகளை எங்களைப் போன்ற கம்பெனிப் பெண்களுக்கு விட்டார். வந்தவாசிப் பக்கமிருந்து வந்த எனக்கு இந்த ஊரில் முதலில் திறந்த கதவு அதுதான்.

சொந்தக்காரர்களுக்கு அது பொறுக்கவில்லை. ஒருநாள் பாஸ்கர் கூடத்தில் நின்றுகொண்டு, "தாத்தா கட்டின வூட்ட ஹாஸ்டலாக்கிட்டீங்களே பெரிம்மா. கண்டவங்க ஏறி எறங்கறாங்க" என்றான். அம்மா கீரை ஆய்ந்துகொண்டிருந்தார். தலையைக்கூடத் தூக்கவில்லை.

"உங்க தாத்தா இன்னா, தூணப் பாத்துகினு இருக்கவா வூடு கட்னாரு? மனுசங்க இருக்கத்தான். காபி குடிச்சிட்டு கெளம்பு."

அம்மா தன் காலம் முடியும் வரை அந்த வீட்டிலேயே இருக்கலாம் என்று மாமனார் எல்லோர் முன்னிலையிலும் சொல்லியிருந்தார். வெறும் வாய்ச்சொல்தான். அதை நம்பியது அம்மாவின் தப்பு. "ஒழுகுது பெரிம்மா, ரிப்பேர் பாக்கணும், கொஞ்ச நாள் எங்க ஃப்ளாட்ல இருங்க" என்று பாஸ்கர் காரில் கூட்டிப்போனான். மாற்றுப் புடவையோடு மட்டும் போனார். எங்களைக் காலி செய்யச் சொன்னார்கள். பிறகு ஜேசிபி வந்தது. பங்காளிகள் கூடி விலை பேசி முடித்த விஷயம் ஊருக்கே தெரியும், அம்மாவைத் தவிர.

கோயில் புறப்பாட்டில் சாமி அந்த வாசலில் நின்று தேங்காய்த் தட்டு வாங்கிக்கொண்டு போவது வழக்கம். வீடு போன பிறகு வந்த புறப்பாட்டிலும், சாமியைத் தூக்கி வந்தவர்கள் பழக்கத்தில், காலி மனையைச் சுற்றி அடித்திருந்த நீலத் தகர வேலிக்கு முன்னால் நின்றுவிட்டார்கள். அம்மா தேங்காய்த் தட்டோடு ஆட்டோவில் வந்து இறங்கினார். பாஸ்கர் ஓடிவந்தான்.

"ஜனங்க பாக்கறாங்க பெரிம்மா. வாங்க, போலாம்."

"பாக்கட்டும்டா. வூட்ட இடிச்சிட்ட. சாமிக்கு முன்னால நிக்கறதயும் நீதான் சொல்லணுமா?"

தெருவே கேட்டது. பாஸ்கர் தலை குனிந்துகொண்டு நகர்ந்தான். அம்மா நிதானமாகக் கற்பூரம் ஏற்றினார்.

நேற்று பாஸ்கரின் மூன்றாம் மாடி ஃப்ளாட்டுக்குத் துக்கம் கேட்கப் போயிருந்தேன். ஹாலின் மூலையில் விளக்கும் ஒரு சொம்புத் தண்ணீரும் வைத்திருந்தார்கள். போன உயிர் வீடு தேடி வரும், தாகத்தோடு வரும் என்று வைப்பது. சுற்றி எல்லாப் பங்காளிகளும் உட்கார்ந்திருந்தார்கள். மரியாதைக்கு ஒரு வார்த்தை சொல்லிவிட்டு வந்திருக்கலாம். என்னால் முடியவில்லை.

"அம்மா எந்த வூட்டுக்கு வருவாங்கன்னு இத இங்க வெச்சிருக்கீங்க?" என்று கேட்டுவிட்டேன்.

நாலு பேர் நடுவில் கேட்க வேண்டியதைக் கேட்டுவிடும் இந்த வாய், சரோஜாம்மாவிடமிருந்து எனக்கு வந்தது. இதை எந்தப் பங்காளியும் விலை பேச முடியாது.