அலுமாரியைத் திறக்கலாமோ?

அடுத்தவர் வீட்டு அலுமாரியைத் திறந்து பார்ப்பதற்குச் சம்பளம் வாங்குகிறவள் நான். கள்ளர் செய்வதும் ஏறக்குறைய இதுதான், ஆனால் அவர்களை யாரும் வாசலில் நிறுத்திவைத்துக் கேள்வி கேட்பதில்லை.

கிளிநொச்சியில் ஒரு மாதர் சங்கத்தில் வேலை. ஸ்கூட்டியில் வீடு வீடாகப் போய், குசினியை எப்படி ஒழுங்குபடுத்துவது, அரிசியில் வண்டு விழாமல் எப்படிப் பார்ப்பது, மருந்து மாத்திரைகளை எங்கே வைப்பது என்று காட்டிக் கொடுக்க வேண்டும். நல்ல வேலைதான். ஆனால் முன்பின் தெரியாத ஒருத்தி வந்து, காசும் கேட்காமல், “உங்கட வீட்டை அடுக்கித் தாறன்” என்று சொன்னால் எங்கள் பக்கத்தில் யார் நம்புவார்கள்? மீற்றர் வாசிக்கப் போகிறவர்களே, டெங்கு நுளம்புக் குடம்பி தேடிப் போகிறவர்களே, கணக்கெடுப்புக்கு அலைகிறவர்களே, உங்களுக்கு நான் அதிகம் விளக்கத் தேவையில்லை.

உறுமுகிற சாமித்தட்டு

உருத்திரபுரத்தில் ஒரு வயல்காரர் வீடு. என் கழுத்தில் தொங்கிய அடையாள அட்டையைக் கண்டதும் வீட்டுக்கார அம்மா, “கொஞ்சம் நில்லுங்கோ மிஸ், நாயைக் கட்டிப்போட்டு வாறன்” என்று உள்ளே போனார். நாய் என் காலடியில் படுத்துக் கிடந்தது. உள்ளே ஏதோ இழுபடுகிற சத்தம், ஏதோ மூடுகிற சத்தம். அரசாங்க உதவியை வெட்டுவதற்கு யாரோ வேவு பார்க்க வந்திருக்கிறார்கள் என்று அவர் நினைத்துவிட்டார். இது எனக்குப் புதிதல்ல. நான் போகிற வீடுகளில் தொலைக்காட்சிகள் எல்லாம் கட்டிலுக்குக் கீழேதான் இருக்கும்.

உள்ளே போனால் குசினி மூலையில் என் உயரத்துக்கு ஏதோ ஒன்று, வெள்ளைச் சீலை போர்த்தபடி நின்றது. மேலே பிள்ளையார் படம். படத்துக்குப் பூவும் வைத்திருந்தது. “சாமித்தட்டு” என்றார். சாமித்தட்டு இலேசாக உறுமிக்கொண்டிருந்தது. நான் ஒன்றும் கேட்கவில்லை. அரிசி மூட்டையை நிலத்தில் வைக்காமல் பலகையில் ஏற்றி வைக்கவும், காய்ந்த வேப்பிலை போடவும் சொல்லிக்கொண்டிருந்தேன். அந்த நேரம் பார்த்து வயலால் வந்த கணவர், “பிள்ளை வெயிலுக்குள்ளால வந்திருக்கிறா” என்றபடி பிள்ளையாரைத் தூக்கி ஒரு பக்கம் வைத்து, சீலையை விலக்கி, குளிர்ந்த தண்ணீர்ப் போத்தல் ஒன்றை எடுத்து என்னிடம் நீட்டினார். அந்த அம்மாதான் முதலில் சுதாரித்துக்கொண்டார்.

“படம் மட்டும்தான் எங்கட, மிஸ். பிரிஜ் பக்கத்து வீட்டுக்காரற்றை.”

பேர் ஒட்டிய ரின்கள்

முரசுமோட்டையில் ஒரே குசினியில் சமைக்கிற மாமியும் மருமகளும். இருவருக்கும் பெரிய சண்டை ஒன்றும் இல்லை. ஆனால் மாமி வைத்தது மருமகளுக்குத் தெரியாது, மருமகள் வைத்தது மாமிக்குத் தெரியாது. மருமகள் முன்பள்ளி ஆசிரியை. காலையில் அவசரமாகச் சமைத்துவிட்டு ஓடுகிறவள். நான் ஒரே அளவான தகர ரின்களை எடுத்து, அடிக்கடி எடுப்பதை முன்னுக்கும், இடைக்கிடை எடுப்பதைப் பின்னுக்குமாக அடுக்கி, சீனி, உப்பு, தேயிலை, மிளகாய்த்தூள் என்று கொட்டை எழுத்தில் எழுதி ஒட்டினேன். மருமகளுக்கு நல்ல சந்தோஷம். சீனி கடன் வாங்க வந்த அயல் வீட்டுக்காரியும் ரின்களை ஒவ்வொன்றாக வாசித்துப் பார்த்துவிட்டுப் போனார். மாமி குசினி நிலையில் சாய்ந்து நின்று, என் கையைவிட்டுக் கண்ணை எடுக்காமல் பார்த்துக்கொண்டிருந்தார்.

அடுத்த மாதம் போனபோது மருமகள் அடுப்படியில் வேலையாக இருந்தாள். நான் உரிமையோடு “சீனி” ரின்னைத் திறந்து, அவள் ஊற்றித் தந்த தேத்தண்ணிக்கு நானே போட்டுக் கலந்து ஒரு மிடறு குடித்தேன். அப்படியே ஓடிப்போய் முற்றத்தில் துப்பினேன். உப்பு. பிறகு பார்த்தால் “உப்பு” ரின்னில் சீனி, “தேயிலை” ரின்னில் மிளகாய்த்தூள், “மிளகாய்த்தூள்” ரின்னில் தேயிலை. மருமகள் சிரிப்பை அடக்கிக்கொண்டு, “எங்கள் ரெண்டு பேருக்கும் இப்ப எல்லாம் மனப்பாடம் மிஸ். ஒரு பிரச்சினையும் இல்லை” என்றாள். மாமி எனக்கு வாய் கொப்பளிக்கத் தண்ணீர் கொண்டு வந்து தந்தபடி, வேலிப் பக்கம் கண்ணைக் காட்டி, குரலைத் தணித்துச் சொன்னார்:

“அங்கால இருக்கிறவவுக்கும் வாசிக்கத் தெரியும், பிள்ளை.”

பொம்பிளை பார்க்க வந்தவள்

இன்னொரு வீட்டில் என்னை வரவேற்ற விதமே வேறாக இருந்தது. பலகாரத் தட்டு வந்தது. அலுமாரியைக் கேட்க முதலே திறந்து காட்டினார்கள். ஒவ்வொரு சீலையும் மடிப்புக் குலையாமல் இருந்தது. மூத்த மகள் பட்டுப் பாவாடை கட்டி, தலை நிறையப் பூ வைத்து, குசினிக்குள் பருப்புக் கறி சமைத்துக்கொண்டிருந்தாள். “எல்லாம் இவள்தான் அடுக்குறது” என்று தாய் மூன்று தரம் சொன்னார். நான் மூடிகளைத் திறந்து பார்த்து, நல்லது, நல்லது என்றேன். கத்தியை இப்படித் திறந்தபடி வைக்காமல் உறை போட்டு வைக்கலாம் என்றேன். தாயின் முகம் கறுத்துவிட்டது. மகளைப் பார்த்து முறைத்தார். எனக்கு ஏதோ பிழைபோல் பட்டது, ஆனால் என்னவென்று பிடிபடவில்லை. தாய் வாசற்படலை வரை கூடவே வந்து, ஸ்கூட்டியின் கைபிடியைப் பிடித்துக்கொண்டு கேட்டபோதுதான் விளங்கியது.

“ஆர் அனுப்பினது எண்டு சொல்ல வேண்டாம். பெடியன் வெளிநாடோ, உள்ளூரோ, அதை மட்டும் சொல்லிப்போட்டுப் போங்கோ.”

வாசலில் தொங்கிய பை

முள்ளிவாய்க்காலில் பிலோமினா அக்காவின் வீட்டுக்குப் போன நாளை நான் சிரித்துக்கொண்டு சொல்ல முடியாது. கணவர் கடலுக்குப் போகிறவர். சின்ன வீடு, ஆனால் துப்புரவு. வலைகள் ஒரு பக்கம், பள்ளிக்கூடப் புத்தகங்கள் ஒரு பக்கம். நான் சொல்ல ஒன்றும் இருக்கவில்லை. ஒன்றைத் தவிர. வாசற்கதவுக்குப் பின்னால், ஆணியில், ஒரு பழைய தோள்பை தொங்கிக்கொண்டிருந்தது. கதவைத் திறக்கிற ஒவ்வொரு தடவையும் அது கதவில் இடித்தது. உள்ளே என்ன என்று கேட்டேன். பிறப்புச் சான்றிதழ்கள், காணி உறுதிப் பத்திரம், பிள்ளைகளின் தடுப்பூசி அட்டைகள், ஒரு செபமாலை, ஆளுக்கு ஒரு சோடி உடுப்பு. எல்லாம் பொலித்தீனில் சுற்றியிருந்தது. “உப்புக் காத்துக்கு உறுதி பழுதாகிவிடும் அக்கா, அலுமாரியின் மேல்தட்டில் வையுங்கோ” என்றேன்.

அவர் வெளியே எட்டி ஒழுங்கையைப் பார்த்தார். பிறகு என் முகத்தை உற்றுப் பார்த்து, “ஏன் பிள்ளை, ஏதும் கேள்விப்பட்டனீங்களோ?” என்று கேட்டார். இல்லை அக்கா, ஈரத்துக்காகத்தான் சொன்னேன் என்றேன். அவர் நம்பியதாகத் தெரியவில்லை. “அலுமாரியைத் தூக்கிக்கொண்டு ஓடேலாது” என்றார், சாதாரணமாக, அரிசி விலை சொல்வதுபோல. சண்டைக் காலத்தில் அந்தப் பையை அவர் எத்தனை இடங்களுக்குத் தோளில் சுமந்திருப்பார் என்று நான் கேட்கவில்லை. நானும் இந்த மண்ணில் வளர்ந்தவள்தான். எனக்கு அது தெரிந்திருக்க வேண்டும்.

ஸ்கூட்டியில் சங்கம் தந்த மூடிவாளிகள் இருந்தன. இறுக்கமான மூடி, நல்ல கைபிடி. ஒன்றை எடுத்து வந்து, எல்லாவற்றையும் இருவருமாக அதற்குள் அடுக்கினோம். உடுப்பு அடியில், கடுதாசிகள் மேலே, செபமாலை எல்லாவற்றுக்கும் மேலே. மூடியபின் பிலோமினா அக்கா வாளியைத் தூக்கிக்கொண்டு முற்றத்தால் படலை வரை விறுவிறென்று நடந்து போனார். திரும்பி வந்து, கதவுக்குப் பின்னால், அதே இடத்தில் வைத்தார். பிறகுதான் என்னைப் பார்த்துச் சிரித்தார்.

“வாளி ஒரு கையில. மற்றக் கையில சின்னவள். ஓம், இது சரிவரும்.”

குசினிக்குள் பாம்பு

எங்கள் சங்கத்தில் எனக்கு இந்த வேலையைப் பழக்கியவர் சிவமலர் அக்கா. ‘கையில் எடுத்ததை எடுத்த இடத்தில் வை’ என்று கூட்டத்துக்குக் கூட்டம் சொல்கிறவர். ஒருநாள் அவருடைய ஊரால் வரும்போது, சொல்லாமல் கொள்ளாமல் அவர் வீட்டுக்குள் நுழைந்தேன். முன்விறாந்தை பளபளவென்று இருந்தது. தண்ணீர் குடிக்கக் குசினிப் பக்கம் போகப் பார்த்தேன். அவர் கையை விரித்து நிலையை மறித்துக்கொண்டு நின்றார். “உள்ள போகாதையும், பாம்பு பூந்திட்டுது!” என்றார். எனக்குச் சந்தேகம்தான், பாம்பைக் கண்டவர் இப்படிக் கதவோடு ஒட்டிக்கொண்டா நிற்பார்?

நான் பேசாமல் கதிரையில் இருந்திருப்பேன். ஆனால் ‘பாம்பு’ என்ற சொல் வேலிக்கு அப்பால் கேட்டுவிட்டது. அயலில் இருந்து இரண்டு பேர் பொல்லோடு ஓடி வந்தார்கள். அக்கா மறிக்க மறிக்க, அவரைத் தாண்டி உள்ளே போய்விட்டார்கள். சட்டிகள் உருளும் சத்தம், உரப்பைகள் சரியும் சத்தம், தும்மல் சத்தம். கடைசியில் ஒருவர் தலையில் ஒட்டடையோடு வெளியே வந்து, “இதுக்குள்ள பாம்பு வந்தாலும் வெளியில போக வழி தெரியாது” என்று சொல்லிவிட்டுப் போனார். சிவமலர் அக்கா என் கையைப் பிடித்துக்கொண்டார்.

“சங்கத்தில கேட்டால் பாம்பு எண்டே சொல்லும், என்ன?”

மருந்துப் பெட்டி

வவுனியாவில் ஓய்வுபெற்ற ஓவசியர் ஒருவரின் வீடு. அவருடைய மனைவி தொலைபேசியில் கூப்பிட்டு, “முழு வீட்டையும், ஒரு மூலை விடாமல் ஒழுங்குபடுத்தோணும்” என்றார். இவ்வளவு ஆர்வமாக யாரும் என்னைக் கூப்பிட்டதில்லை. அப்போதே நான் சந்தேகப்பட்டிருக்க வேண்டும். ஓவசியருக்குச் சலரோகம், அதுதான் சீனி வருத்தம், காலில் ஒரு புண் மாதக்கணக்காக ஆறாமல் இருந்தது. விரலை எடுக்க வேண்டிவரும் என்று டொக்டர் சொல்லியிருந்தாராம். மருந்துகளை எல்லாம் ஒரே பெட்டியில் போட்டு, காலை, இரவு என்று பிரித்து வைத்தேன். மனைவி ஒவ்வொரு இடமாக, “இதையும் பாருங்கோ, இதையும் பாருங்கோ” என்று என்னை நகர்த்திக்கொண்டே போனார். கடைசியில் சைக்கிள் சாமான் பெட்டி. ஸ்பானர்களுக்குக் கீழே, துணியில் சுற்றியபடி பனங்கட்டியும் தொதல் இனிப்பும்!

“பாத்தீங்களோ!” என்றார் மனைவி, எனக்கு அல்ல, கணவருக்கு. ஓவசியர் கதிரையில் இருந்தபடியே என்னைப் பார்த்து, “வீடு அடுக்க வந்தனீரோ, வேவு பாக்க வந்தனீரோ?” என்று கேட்டார். நான் ஸ்பானர்களை அளவுப்படி அடுக்கத் தொடங்கினேன். அவருக்கு வாயைக் கட்டுவது கஷ்டம்தான். ஆனால் அந்தக் காலைப் பார்க்க, மனைவியையும் குறை சொல்ல முடியவில்லை.

சில மாதங்களுக்குப் பிறகு அந்த அம்மா மறுபடி கூப்பிட்டார். புண் ஆறிவிட்டது, விரல் தப்பிவிட்டது, இரத்தத்தில் சீனியும் குறைந்துவிட்டது. எனக்குச் சந்தோஷத்தில் குரல் கூடிவிட்டது. அவர் மட்டும் இரகசியம் பேசுவதுபோலப் பேசினார்.

“அதுதான் மிஸ் எனக்கு யோசினையாக் கிடக்கு. இவர் இப்ப எங்க ஒளிக்கிறார் எண்டு தெரியேல்லை, ஒருக்கா வந்து பாருங்கோ.”

இத்தனை வீடுகளுக்கும் போய்வந்ததில் நான் படித்துக்கொண்டது, எந்தச் சாமானை எங்கே வைப்பது என்று சொல்லலாம், அது ஏன் அங்கே இருக்கிறது என்று மட்டும் கேட்கக் கூடாது என்பதுதான்.