இரைச்சல் என்று வெட்டியது

தெருவில் ஒரு பொத்தான் கிடந்தால்கூட அவன் குனிந்து எடுத்துவிடுவான். பொம்மையின் ஒற்றைக் கண், பாதி கிழிந்த வாய்ப்பாடு, முகம் தேய்ந்த புகைப்படம், எதுவும் தப்பாது. எல்லாவற்றையும் படமெடுத்து, ஒலி சேர்த்து, தொட்டால் அசைகிற வலைப்பக்கங்களாக்குவான். அதுதான் அவன் கலை. அக்காவுக்கு அவன் வெறும் பொறுக்கி. "என்னடா பொறுக்கி, இன்னிக்கு எந்தக் குப்பைத்தொட்டிக்கு யோகம்?" என்பாள்.

ஒருநாள் வீட்டுப் பரணில் ஒரு கேசட் அகப்பட்டது. அதில் ஒன்பது வயது அக்கா, வகுப்பில் வருகை சொல்லத் தனியாகப் பழகியிருந்தாள். "உ... உ... உள்ளேன் டீச்சர்." பதினேழு தடவை. அவனுக்குக் கண் கலங்கியது. கலங்கிய சூட்டோடு பக்கத்தைச் செய்து ஏற்றிவிட்டான். முகப்பில் கேசட் அட்டையின் படம். அதில் அவள் பெயரும் வகுப்பும். அவளிடம் ஒரு வார்த்தை கேட்கத் தோன்றவில்லை. கண்டெடுத்த பொருளுக்கு யாரிடம் கேட்பது?

அக்கா ரயில் நிலையத்தில் விசாரணை ஜன்னலில் வேலையில் இருந்தாள். திக்கலை அடக்கியாள இருபது வருஷம் பிடித்திருந்தது. அறிவிப்பாளர் வேலைக்கு அடுத்த திங்கள் குரல் தேர்வு. பக்கம் வெளியான மூன்றாம் நாள், டிக்கெட் கொடுப்பவர் வருகைப் பதிவேட்டை நீட்டினார்.

"மேடம், உ... உ... உள்ளேனா, இல்லையா?"

அறையே சிரித்தது.

வீட்டுக்கு வந்தவள் செருப்பைக்கூடக் கழற்றவில்லை.

"தொலைஞ்சதைத்தானேடா கண்டெடுக்கணும்? நான் ஒளிச்சுல்ல வச்சிருந்தேன்."

"எடுத்துடறேன்க்கா. இப்பவே."

"எடு. அதுல இன்னொரு சத்தம் இருக்குமே, அது எங்க?"

"எது?"

"நான் திக்குறப்பல்லாம் கதவுக்குப் பின்னால நீ சிரிச்சது."

"இரைச்சல்னு... வெட்டிட்டேன்."

"ஓ," என்றாள். உள்ளே போய்விட்டாள்.

அன்றே பக்கத்தை அழித்தான். திங்களன்று அவள் தேர்வுக்குப் போகவில்லை. வழக்கம்போல ஜன்னலுக்கே போனாள். அவனுக்கு வீட்டில் இருப்புக்கொள்ளவில்லை. வெட்டிய சிரிப்பை மட்டும், 'நான், ஆறு வயது' என்று போட்டு ஏற்றினான். எதற்குச் சிரித்தேன் என்று எழுதப்போனால் மறுபடியும் அவளைத்தான் எழுதவேண்டும். விட்டுவிட்டான்.

சாயங்காலத்துக்குள் முந்நூறு பேர் கேட்டிருந்தார்கள். "என்ன ஒரு வெள்ளந்திச் சிரிப்பு! மனசே லேசாயிடுச்சு," என்று ஒருத்தர் எழுதியிருந்தார். பதில் எழுத விரலை வைத்தான். அந்தச் சிரிப்பையும் அழித்தான்.