என் காபியில் காஃபீன் இல்லை

அறுபத்தெட்டு வயதில் வாசிக்கக் கற்ற நான், இன்று காலை காபிக்கொட்டைப் பொட்டலத்தை எழுத்துக் கூட்டி முழுதும் வாசித்தேன்.

"காஃபீன் நீக்கியது. பச்சைக் கொட்டையை வெந்நீரில் ஊறவைத்து, அந்தச் சாற்றிலுள்ள காஃபீனைக் கரியில் வடிகட்டி, சாற்றைத் திரும்பக் கொட்டைக்கே ஊட்டியது."

"ஏம்புள்ள, இது எத்தனை நாளா?" என்று மனைவியைக் கேட்டேன்.

"மூணு மாசமாச்சுங்க. டாக்டர் காபியை நிறுத்தச் சொன்னாருங்க. நீங்க கேக்கற ஆளுங்களா? பொட்டலத்தைப் படிச்சுப்போடுவீங்கன்னு யாருங்க கண்டா?"

மூன்று மாதமாக, அவள் போடும் காபியைக் குடித்தால்தான் எனக்குக் கண்ணே திறக்கிறது என்று கருமத்தம்பட்டி முழுக்கச் சொல்லி வந்தேன்.

இரண்டாவது டம்ளர் கேட்டேன். தந்தாள்.

நாளைக் காலை எனக்குக் கண் திறக்குமா? தெரிந்தவர்கள் எழுதுங்கள். நானே வாசித்துக்கொள்கிறேன்.