கடைசி சிலிண்டரும் என் கொட்டமுத்து எண்ணெயும்

எனக்கு எழுதப் படிக்கத் தெரியாது. நான் சொல்லச் சொல்ல என் மகள்தான் எழுதுகிறாள். நான் சொல்லப்போகிற வண்டியை ரேசில் ஓட்டியவளும் அவளே. அதனால் தன்னைப் பற்றிக் கூட்டி எழுதிவிடுவாளோ என்று அவ்வப்போது நிறுத்தி, திரும்பப் படிக்கச் சொல்லிக் கேட்டுக்கொள்கிறேன்.

வண்டி என் வீட்டுக்காரருடையது. நூறு சிசி, டூ ஸ்ட்ரோக். மகள் பால்வாடிக்குப் போன காலத்தில் வாங்கியது. அவர் அப்போது திருச்செங்கோட்டு ரிக் வண்டிகளில் மெக்கானிக். போர்வெல் போடுகிறவர்களோடு ஆந்திரா, ஒரிசா என்று கிளம்பினால் எட்டு மாதம் கழித்துத்தான் வருவார். வந்தவுடன் என்னைக் கேட்கிறாரோ இல்லையோ, வண்டியைத் துடைப்பார். இப்போது வேலையை விட்டாகிவிட்டது. கொண்டப்பநாயக்கன்பட்டியில் மலை அடிவாரத்தில் சின்னதாக வீடு, பின்னால் நாலு தென்னை, ஒரு துவைக்கிற கல். அந்தக் கல்லின்மேல்தான் ரேஸ் வண்டி பிறந்தது. நான் ஆறு மாதம் துணியைக் கையிலேயே கும்மினேன்.

கோயமுத்தூர்ப் பக்கம் பழைய வண்டிகளுக்கென்று ரேஸ் நடத்துகிறார்கள் என்று யாரோ சொல்லி, ஒருநாள் போய்ப் பார்த்துவிட்டு வந்தார். செருப்பைக் கழற்றும்போதே பேச்சு ஆரம்பம்.

“ஏ புள்ள, நம்ம வண்டி மாதிரியே ஒண்ணு. லைட் இல்ல, மட்காடு இல்ல, ஒண்ணுமில்ல. என்ன போக்கு போகுதுங்கற!”

“நீங்க ஓட்டப் போறீங்களா? முட்டிவலிக்கு நேத்துதானே தைலம் தேச்சு உட்டேன்?”

“நான் ஓட்டுனா வண்டி நகருமா? எம்பத்திரண்டு கிலோ. நம்ம புள்ளதான் ஓட்டோணும்.”

மகளுக்கு நாற்பதை நெருங்குகிறது. இரண்டு பிள்ளைகள். மாப்பிள்ளைக்கு ரயில்வேயில் வேலை, சூரமங்கலத்தில் குடியிருக்கிறார்கள். பெண்களுக்கு ஸ்கூட்டர் ஓட்டக் கற்றுத் தருவது அவள் தொழில். விழுகிற பெண்களைப் பிடித்துப் பிடித்து அவள் வலது கை இடது கையைவிடப் பருத்திருக்கும். அப்பா கேட்டவுடன், “எவ்வளவு வேகம் போகும்?” என்றாள். ‘எதுக்குப்பா’ என்று கேட்பாள் என்றுதான் நான் நினைத்திருந்தேன்.

வண்டியைப் பிரித்தார்கள். விளக்கு, ஹாரன், பின்னால் சேலை மாட்டாமல் இருக்கப் போட்ட கம்பி வலை எல்லாம் ஒரு சாக்கில் போனது. ஹேண்டில்பாரை இறக்கி, மிதிகட்டையைப் பின்னுக்குத் தள்ளினார். சைலன்சரை அவரே தகரத்தைக் கூம்பு கூம்பாக வெட்டி, சுருட்டி, பற்றவைத்தார். நடுவில் பெருத்து இரண்டு பக்கமும் ஒல்லியாக, எலியை விழுங்கிய சாரைப்பாம்பு மாதிரி இருந்தது. சீட்டுக்கு லாரித் தார்ப்பாயை வெட்டி நான் தைத்தேன். ஊசி இரண்டு முறிந்தது.

இன்ஜின் வேலை சமையற்கட்டுக்கே வந்துவிட்டது. பேரிங்குகளைக் குளிர வைத்து, இன்ஜின் கூட்டைச் சூடாக்கினால் தட்டாமலே உள்ளே இறங்குமாம். அதனால் பேரிங்குகள் பிரிட்ஜில் இட்லி மாவுக்குப் பக்கத்தில் ஒரு ராத்திரி இருந்தன. கூட்டைக் காஸ் அடுப்பில் ஏற்றிவிட்டு, “சூடு போதுமான்னு எப்படிப் பாக்கறது?” என்று அவர் முழித்தார். தோசைக்கல்லுக்குத் தெளிக்கிற மாதிரி நான் ஒரு சொட்டுத் தண்ணீர் விட்டேன். சொட்டு உருண்டு ஓடியது. “போடுங்க இப்ப” என்றேன். பேரிங் சளக்கென்று இறங்கியது. அன்றிலிருந்து நானும் மெக்கானிக்தான் என்று எனக்குள் ஒரு எண்ணம். அந்த எண்ணத்தால்தான் பிறகு கெட்டது.

அதைச் சொல்லுமுன் சிலிண்டரைப் பற்றிச் சொல்ல வேண்டும். இந்த வண்டிக்குக் கம்பெனி சாமான் வருவது நின்று எத்தனையோ காலம் ஆகிவிட்டது. சிலிண்டர் தேயத் தேய உள்ளே கடைந்து கொஞ்சம் அகலப்படுத்தி, அதற்கேற்ற பெரிய பிஸ்டன் போடுவார்கள். எங்கள் சிலிண்டரை ஏற்கெனவே மூன்று முறை கடைந்தாகிவிட்டது. சேலத்தில் ஒரு பழைய சாமான் கடையில், எலிப்புழுக்கை படிந்த டப்பாவில் கடைசி சைஸ் பிஸ்டன் ஒன்று கிடைத்தது. அதைத் துண்டில் சுற்றி, பிள்ளையைத் தூக்குகிற மாதிரி கொண்டுவந்தார்.

“இதுக்கு மேல சைஸ் கிடையாது. இது கீறிப் போச்சுன்னா வண்டி பழைய இரும்புக்குத்தான்” என்றார். அதைச் சொன்னபோது அவர் முகத்தில் சிரிப்பில்லை.

அந்த பிஸ்டனுக்குத் தகுந்த மாதிரி சிலிண்டரைக் கடைய லேத்துக்குப் போய், நாள் முழுக்கப் பக்கத்திலேயே நின்று அளந்து அளந்து செய்து வாங்கிவந்தார். ரிக்கில் இருந்த காலத்திலிருந்தே அவருக்குக் கருவியைவிட விரலில்தான் நம்பிக்கை. பிஸ்டனை உள்ளே விட்டுக் கையை எடுப்பார். அது தானாக, அவசரப்படாமல் இறங்க வேண்டும். இறங்கியது.

இனி எண்ணெய். இந்த மாதிரி வண்டிக்குப் பெட்ரோலிலேயே எண்ணெயைக் கலந்துதான் ஊற்ற வேண்டும். பிஸ்டன் உரசாமல் காப்பது அதுதான். அந்தக் காலத்து ரேஸ் வண்டிகளுக்கெல்லாம் விளக்கெண்ணெய்தான் ஊற்றுவார்களாம். இதை அவருடைய சிநேகிதர் ஒருவர் போனில் சொல்ல, பக்கத்தில் வெங்காயம் உரித்துக்கொண்டிருந்த என் காதில் விழுந்தது.

விட்டேனா? எங்கள் தெருவில் யாருக்குப் பிள்ளை பிறந்தாலும், யாருக்கு வயிறு கட்டினாலும் விளக்கெண்ணெய்க்கு என்னிடம்தான் வருவார்கள். ஜலகண்டாபுரத்தில் என் தம்பி நிலக்கடலைக் காட்டைச் சுற்றிக் கொட்டமுத்துச் செடி, அதாவது ஆமணக்கு, போடுவான். கொட்டை வந்து சேர்ந்ததும் வறுத்து, இடித்து, தண்ணீரில் கொதிக்கவிட்டு, மேலே மிதக்கிற எண்ணெயை வழித்தெடுப்பேன். அதோடு முடியாது. எடுத்த எண்ணெயைத் தனியாக மறுபடி காய்ச்ச வேண்டும். அதில் தங்கிய தண்ணீர் சடசடவென்று பொரிந்து, சத்தம் அடங்கி, நுரை செத்த பிறகுதான் இறக்க வேண்டும். இந்த இரண்டாம் காய்ச்சல்தான் என் கைப்பக்குவம். அதற்காகத்தான் தெரு என்னிடம் வருகிறது.

அந்தத் தடவை இரண்டாம் காய்ச்சல் பாதியில் இருந்தபோது எதிர்வீட்டுப் பெண்ணுக்குச் சீர் செய்கிறார்கள் என்று கூப்பிட்டார்கள். அடுப்பை அணைத்துவிட்டுப் போனேன். தட்டைப் பார்த்தேன், சேலையைப் பார்த்தேன், பேச்சில் உட்கார்ந்துவிட்டேன். திரும்பி வந்து அந்த எண்ணெயை அப்படியே ஒரு டின்னில் ஊற்றி, விளக்குக்கு ஆகட்டும் என்று வைத்தேன். திரி கொஞ்சம் வெடிக்கும், அவ்வளவுதான். நன்றாகக் காய்ச்சிய பழைய எண்ணெய் பிள்ளை பெற்ற இரண்டு வீடுகளுக்குப் போய் முடிந்திருந்தது.

“உன்ற எண்ணெய் கொஞ்சம் குடு புள்ள. ஊத்திப் பாக்கலாம்” என்று அவர் வந்து நின்றபோது என்னிடம் இருந்தது அந்த டின் மட்டும்தான். எனக்குத் தெரியும். தெரிந்துதான் ஊற்றினேன். எப்படியும் உள்ளே நெருப்பு எரிகிறது, மீதியை இன்ஜினே காய்ச்சிக்கொள்ளும் என்று நினைத்தேன். ரேஸ் வண்டிக்கு என் எண்ணெய் போகிறது என்கிற பெருமையில் வேறு எதுவும் தோன்றவில்லை.

எங்கள் வீட்டுக்குப் பின்னால் மனை பிரித்துத் தார்ரோடு போட்டு, வீடே வராத ஒரு லேஅவுட் இருக்கிறது. ஞாயிற்றுக்கிழமை காலையில் அங்கே தள்ளிக்கொண்டு போனோம். இரண்டு தடவை உதைத்ததும் இன்ஜின் கிளம்பியது. விளக்கெண்ணெய்ப் புகை வாசம்! இப்போது நினைத்தாலும் எனக்கு மூக்கு விடைக்கிறது. மகள் முதல் சுற்றை மெதுவாக ஓட்டினாள். இரண்டாம் சுற்றில் சத்தம் ஏறியது. மூன்றாம் சுற்றில் திடீரென்று சத்தம் கீச்சென்று போய், பின்சக்கரம் நின்று, தாரில் கோடு இழுத்தது. மகள் கிளட்சைப் பிடித்ததால் விழவில்லை.

“அப்பா, பிஸ்டன் பிடிச்சுக்கிச்சு!”

அவர் ஓடிப்போய் உதைத்துப் பார்த்தார். கிக்கர் இறங்கவில்லை. வண்டியைத் தள்ளிக்கொண்டு வந்தார். வீட்டுக்கு வந்து பிரித்தபோது, பிஸ்டன் பக்கவாட்டில் கீறல், அதைச் சுற்றிய ரிங்குகள் பழுப்பாக ஒட்டிக்கிடந்தன.

“நான் இறுக்கமா வெச்சுட்டேன்” என்றார். “என்ற கை போச்சு. அளவு தெரியல எனக்கு.”

இரண்டு நாள் சரியாகச் சாப்பிடவில்லை. அவருக்குச் சாப்பாடு இறங்காமல் நான் பார்த்ததே இல்லை. அவருடைய அம்மா செத்த அன்றைக்கே இட்லி நாலு சாப்பிட்டவர். நான் வாயைத் திறக்கவில்லை. எண்ணெயாக இருக்காது, கை தவறியும் இருக்கலாம் என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன்.

மூன்றாம் நாள் காலையில் சிலிண்டரைத் துணியில் கட்டிக்கொண்டிருந்தார்.

“எங்கீங்க?”

“லேத்துக்கு. இன்னும் துளியூண்டு கடஞ்சு உட்டுடலாம்.”

“அப்பறம் பிஸ்டன் லொடலொடன்னு ஆடாதுங்களா? பெரிய பிஸ்டன்தான் இல்லைன்னீங்களே?”

“ஆடும். என்ன பண்ணச் சொல்ற? ரெண்டு சுத்தாவது புள்ள ஓட்டட்டும். அப்பறம் தூக்கி எடைக்குப் போட்டுக்கலாம்.”

மகள் வாசலில் ஸ்கூட்டரைக் கிளப்பிக்கொண்டு நின்றாள், அப்பாவைக் கூட்டிப்போக. இனி தாமதித்தால் ஆகாது.

“லேத்துக்குப் போவாண்டாங்க. எண்ணெயில தண்ணி இருந்துச்சு.”

கட்டிய கை நின்றது. “என்ன தண்ணி?”

“ரெண்டாவது காய்ச்சலு முழுசா காய்ச்சல. சீருக்குப் போயிட்டேன். தெரிஞ்சேதான் ஊத்துனேன்.”

“தெரிஞ்சேவா?”

“உள்ள நெருப்பு எரியுதில்லீங்க? அதுல காஞ்சுக்கும்னு...”

மகள் ஸ்கூட்டரை அணைத்துவிட்டுச் சிரிக்க ஆரம்பித்தாள். “ஏம்மா, இன்ஜின் என்ன உன்ற வடச்சட்டியா?”

அவர் சிரிக்கவில்லை. துணியை அவிழ்த்து வைத்துவிட்டு, கார்புரேட்டரின் அடிக்கிண்ணத்தைக் கழற்றினார். அடியில் பெட்ரோலோடு சேராமல் தண்ணீர் முத்து முத்தாகக் கிடந்தது. அதைச் சுற்றிக் கோந்து மாதிரி என் எண்ணெய். கிண்ணத்தை வெயிலில் சாய்த்துச் சாய்த்துப் பார்த்தார்.

“அப்ப என்ற அளவு சரியாத்தான் இருந்திருக்குது” என்றார். கோபம் பிறகுதான் வந்தது. “ஏண்டி, ரெண்டு நாளா நான் சோறு திங்காம உக்காந்திருக்கறேன், பாத்துக்கிட்டே கொழம்பு ஊத்தற?”

“ஊத்தலைன்னா மட்டும் திம்பீங்களாக்கும்?”

அன்று மத்தியானம் வரை என்னோடு பேசவில்லை. பிறகு, “டீ வெக்கறியா, அதுலயும் தண்ணிதானா?” என்று கேட்டார். அதிலிருந்து சரியானது.

லேத்துக்குப் போகவில்லை. ரிங்குகளைத் தின்னரில் ஊறப்போட்டால் ஒட்டியது விட்டுவந்தது. பிஸ்டனின் கீறல் நல்லவேளையாக மேலோட்டமாகத்தான் இருந்தது, அதை நைசான உப்புத்தாளால் பார்த்துப் பார்த்துத் தேய்த்தார். சிலிண்டரைக் கடையவே இல்லை. எண்ணெய் மட்டும் கடையில் விற்கிற பாட்டில்தான் என்று கண்டிப்பாகச் சொல்லிவிட்டார். நான் மீதி டின்னை எடுத்து முறைப்படி காய்ச்சினேன். சடசடவென்று எவ்வளவு நேரம் பொரிந்தது தெரியுமா? கேட்கவே வெட்கமாக இருந்தது.

ரேஸுக்கு ஒரு டெம்போவில் போனோம். மகள் வாடகைக்கு எடுத்த தோல் உடுப்பைப் போட்டுக்கொண்டு பாதுகாப்புத் தொப்பிக்குள் தலையை நுழைத்ததும் நான் அதன் பட்டையை இரண்டு தடவை இழுத்துப் பார்த்தேன். அவருக்கோ சிலிண்டரைத் தவிர வேறு நினைப்பில்லை. “மூணாவது சுத்துல சத்தம் மாறுனா உடனே ஆக்சிலேட்டர உட்டுரு சாமி. வண்டி முக்கியம்” என்றார்.

“புள்ள முக்கியமில்லீங்களா?” என்றேன்.

“அவ உழுந்தா எந்திரிச்சுக்குவா.”

எட்டு வண்டிகள், ஆறு சுற்று. கொடி விழுந்ததும் தேனீக் கூட்டைக் கல்லால் அடித்த மாதிரி ஒரே இரைச்சல். அதில் எங்கள் வண்டிச் சத்தத்தை அவர் தனியாகக் கேட்டுக்கொண்டு கண்ணை மூடி நின்றார். நான் கண்ணைத் திறந்தே வைத்திருந்தேன். வளைவில் அவள் சாய்ந்த சாய்வில் முட்டி தரையைத் தொட்டுவிடும் போலிருந்தது. என்னையறியாமல் எழுந்து, “போ சாமி, போ!” என்று கத்தியிருக்கிறேன். பக்கத்தில் இருந்தவர்கள் தள்ளி உட்கார்ந்துகொண்டார்கள். மூன்றாவது சுற்று போனது, நான்காவது போனது. ஆறும் ஓடி முடித்தாள். ஆறாவதாக வந்தாள். பின்னால் இரண்டு பேர் இருந்தார்கள். அதில் ஒருவர் மட்டும்தான் வண்டியின்மேல் வந்தார், இன்னொருவர் தள்ளிக்கொண்டு வந்தார். இதையும் எழுதச் சொன்னால் மகள் முகத்தைச் சுளிக்கிறாள்.

வீட்டுக்கு வந்த மறுநாளே மறுபடி பிரித்தார். சிலிண்டரை வெயிலுக்குத் தூக்கிப் பிடித்து ஒரு கண்ணால் உள்ளே பார்த்தார். பிறகு என் கையைப் பிடித்து விரலை உள்ளே விடச் சொன்னார். கண்ணாடி மாதிரி வழவழவென்றிருந்தது. ஒரே ஓர் இடத்தில் மட்டும் மயிரிழை மாதிரி ஏதோ விரலில் தட்டியது.

“இது என்னங்க?”

“அது நீ போட்டது” என்றார். “ஒண்ணும் பண்ணாது. இன்னும் ரெண்டு ரேசு தாங்கும்.”