ஏதோமியரும் ஆறு ஆரஞ்சும்

ஏற்காட்டிலிருந்து குப்பனூர் வழியாகச் சேலம் போகும் பஸ்ஸில் அவர் என் பக்கத்தில் உட்கார்ந்திருந்தார். மலை விவசாயி, மடியில் ஒரு கூடை ஆரஞ்சு. வளைவு வரும்போதெல்லாம் கூடையைக் கட்டிக்கொண்டு கண்ணை மூடிக்கொள்வார்.

சர்ச்சில் செய்யவேண்டிய ஞாயிற்றுக்கிழமைப் பிரசங்கத்தை நான் முணுமுணுத்துப் பார்ப்பதைக் கேட்டு, என்ன கதை என்றார். சொன்னேன். பைபிளில் வரும் ஏதோம் நாட்டார் மலைமேல் வாழ்ந்தவர்கள். தங்கள் முன்னோரின் தம்பி வழிவந்த சகோதர ஜனத்தின் நகரம் அழிந்தபோது நின்று பார்த்துச் சந்தோஷப்பட்டார்கள். அதற்காகக் கடவுள் அந்த நாட்டையே நியாயந்தீர்த்தார்.

"வேடிக்கை பாத்ததுக்கேங்களா?"

"ஆமாம்."

"நொம்பக் கறாரான சாமிங்க. ஆனா ஞாயந்தானுங்க." அடுத்த வளைவு தாண்டியதும் கண்ணைத் திறந்தார். "ஏனுங்க, உங்களுக்குக் கூடப்பொறந்தவங்க இருக்கறாங்களா?"

குப்பனூரில் தம்பி இருப்பதையும், போன மாதம் அவன் மளிகைக்கடை எரிந்துபோனதையும் சொன்னேன். எங்களுக்குள் பேச்சுவார்த்தை இல்லை. செய்தி கேட்டு நான் உள்ளூர மகிழ்ந்ததை மட்டும் சொல்லவில்லை.

"போய்ப் பாத்தீங்களா?"

"இல்லை."

அவர் குலுங்கிக் குலுங்கிச் சிரித்தார். "அப்ப நீங்களும் அந்தூர்க்காரருதானுங்க."

குப்பனூர் வந்ததும் கண்டக்டரிடம், "இந்த ஐயா எறங்கறாருங்க" என்று அவரே சொன்னார். என் பையில் ஆறு ஆரஞ்சுகளைப் போட்டார். "வெறுங்கையோட போவாதீங்க."

இறங்கினேன். தம்பி கரி படிந்த சுவருக்குச் சுண்ணாம்பு அடித்துக்கொண்டிருந்தான். என்னைப் பார்த்ததும் அழுதான், பிறகு சிரித்தான். பழத்தை உரித்துக்கொண்டே, "எனக்குன்னே வாங்கியாந்தீங்களாண்ணா?" என்று கேட்டான்.

ஆமாம் என்றேன். அவன் காலமாகும்வரை அதைத் திருத்திச் சொல்லவில்லை.