அண்ணன் காலுக்கு அச்சிட்ட எலும்பு

நான் என்ன வேலை செய்கிறேன் என்று அம்மாவிடம் சொல்லியிருக்கவே கூடாது என்று பல நாள் எரிச்சல்பட்டிருக்கிறேன். வேறு யாராவது கேட்டால் 'லேப்ல வேலை' என்று ஒரே வரியில் முடித்துவிடுவேன். அம்மாவிடம் அது நடக்காது. தோண்டித் துருவிக் கேட்பாள்.

ஸ்ரீவில்லிபுத்தூர் பக்கம் ஒரு கல்லூரியில் நான் ஆராய்ச்சி மாணவி. பாலிமர் இழையை உருக்கி, முப்பரிமாண பிரிண்டரில் வரி வரியாக அடுக்கி, சல்லடை போன்ற சிறு துண்டுகளை எடுப்போம். எலும்பு போன இடத்தில் அது சாரமாக நிற்க வேண்டும். கட்டடம் எழும்பியதும் சாரத்தைப் பிரிப்பதுபோல, புது எலும்பு வளர வளர அது கரைந்துபோக வேண்டும். ஆனால் வெறும் பாலிமரில் செல்கள் சரியாக ஒட்டுவதில்லை. அதனால் ஜெலட்டினில் எலும்பின் உப்பைக் கலந்து, அதில் துண்டை முக்கி எடுத்து, உலர்த்தி, மறுபடி முக்குவோம். அதுதான் பூச்சு. என் ஆராய்ச்சி முழுக்க அந்தப் பூச்சைப் பற்றித்தான்.

அண்ணன் ராஜபாளையத்தில் பேண்டேஜ் துணி நெய்யும் மில்லில் ஃபிட்டர். ஷிஃப்ட் முடிந்து மம்சாபுரத்து வீட்டுக்கு பைக்கில் வந்தபோது லாரி தட்டிவிட்டது. முழங்காலுக்குக் கீழே எலும்பு நொறுங்கி, சீழ் வைத்து, கெட்டுப்போன துண்டை மதுரையில் வெட்டி எடுத்தார்கள். காலைச் சுற்றி இரும்பு வளையங்களும் கம்பிகளுமாக வீட்டுக்கு வந்தான். நடுவே விரல் நீளத்துக்கு எலும்பே இல்லை. புண்ணும் மூடவில்லை. சீழ் அடங்கினால் கால் தப்பும், இல்லாவிட்டால் எடுக்க வேண்டியதுதான் என்று டாக்டர் சொல்லியிருந்தார்.

"எங்க மில்லுத் துணிய எனக்கே சுத்துதாவ பாருட்டி," என்று அண்ணன் சிரித்தான். எனக்குச் சிரிப்பு வரவில்லை.

ஒரு நாள் அவனுடைய ஸ்கேனைக் கல்லூரிக்கு எடுத்துப் போனேன். பேராசிரியையிடம் கேட்டு, அந்த இடைவெளியின் அளவுக்கே ஒரு துண்டை அச்சிட்டுப் பார்த்தேன். வெறும் மாதிரிதான், பூச்சுகூடக் கிடையாது. அதை வீட்டுக்குக் கொண்டுவந்ததுதான் வினையாகிவிட்டது. அம்மா உள்ளங்கையில் வாங்கிப் பார்த்தாள்.

"இம்புட்டு லேசா இருக்கே. எப்ப வைப்பாவ?"

"இது வைக்கிறதுக்கு இல்லம்மா. மொதல்ல தட்டுல செல் வளத்துப் பாக்கணும், பொறவு முயலுக்கு வச்சுப் பாக்கணும். மனுசருக்கு வர எம்புட்டோ வருசம் ஆகும். அதுவும் சீழ் இருக்கிற எடத்துல எதையும் வைக்கக் கூடாது."

"முயலுக்கு வைப்பியாம், கூடப் பொறந்தவனுக்கு வைக்க மாட்டியாம்."

கோபத்தில் கத்திவிட்டேன். அண்ணன்தான் குறுக்கே வந்தான். "அவள விடும்மா. எனக்கு நீளக் காது மொளச்சா நீயா பாப்ப?"

அம்மா சிரிக்கவில்லை. துண்டை மஞ்சள் துணியில் முடிந்து சாமி படத்துக்கு முன்னால் வைத்தாள். தெருவிலிருந்து யார் வந்தாலும் அவிழ்த்துக் காட்டினாள். "எம் மவ செஞ்ச எலும்பு" என்று சொல்லும்போது அவள் முகத்தில் இருந்த பெருமையைப் பார்க்க எனக்குப் பயமாக இருந்தது. நடுநடுவே "பூசிட்டியாட்டி?" என்று கேட்பாள். பூச்சு முடிந்ததும் வைத்துவிடுவார்கள் என்று அவளாகவே முடிவுகட்டியிருந்தாள்.

சீழ் அடங்கவில்லை. காய்ச்சல் கூடி உயிருக்கே ஆபத்து என்றானபோது, மறுபடி மதுரைக்குக் கொண்டுபோனோம். ஆபரேஷனுக்கு முன்னால் அண்ணன் என்னைப் பக்கத்தில் கூப்பிட்டான். "அம்மாட்ட அந்த எலும்ப மட்டும் திருப்பி வாங்கிறாத. அத வச்சுத்தான் அவ தூங்குதா," என்றான். முழங்காலுக்கு மேலே காலை எடுத்தார்கள்.

எடுத்த காலை எங்களிடமே கொடுத்தார்கள். எங்கள் வீடுகளில் அதைப் புதைப்பதுதான் வழக்கம். மில் நண்பர் ஒருவர் அண்ணனுக்குத் துணையிருக்க, அம்மாவும் நானும் தாய்மாமாவும் காரில் மம்சாபுரம் வந்தோம். மாமா தன் தோட்டத்து ஓரத்தில் குழி வெட்டினார். அம்மா வீட்டுக்குப் போய் மஞ்சள் முடிச்சை எடுத்துக்கொண்டு வந்தாள்.

"குறையோட போகக் கூடாது," என்றாள். பிறகு என்னைப் பார்த்தாள். "பூசிட்டியா?"

"இல்லம்மா."

கிண்ணத்தில் மஞ்சளைக் கரைத்தாள். நான் என்றோ சொல்லிக்கொடுத்தபடியே துண்டை முக்கி எடுத்தாள், காற்றில் காட்டினாள், மறுபடி முக்கினாள். சல்லடைக் கண்களிலெல்லாம் மஞ்சள் ஏறி நின்றது.

கம்பிகளை ஆஸ்பத்திரியிலேயே கழற்றியிருந்தார்கள். சுற்றியிருந்த துணியை விலக்கி, கடைசிவரை மூடாத அந்தப் புண்ணுக்குள் அம்மா துண்டை வைத்தாள். இடிக்காமல், வழுக்காமல் உட்கார்ந்தது. அவன் ஸ்கேனைப் பார்த்துச் செய்தது, வேறெப்படி இருக்கும்?

அம்மா ஓரங்களை விரலால் தடவிப் பார்த்தாள்.

"அளவு சரியாத்தான இருக்கு," என்றாள். "பொறவு ஏன்ட்டி வைக்கல?"

மாமா மண்வெட்டியோடு நின்றார். தட்டையும் முயலையும் சீழையும் இன்னொரு தடவை அவளுக்குச் சொல்ல எனக்கு வாய் வரவில்லை. அவள் பக்கத்தில் மண்ணில் உட்கார்ந்து அழுதேன்.